வேண்டுதல் வேறு, குறை வேறு

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் யாரோடும் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கிறது. நீயும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. அங்கே குளிர் கடுமை என்று செய்தியில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு பார்க்காதே. உன் அண்ணன் கார் வாங்கியிருக்கிறான், பழசுதான், அவனுக்குப் புதுசு. அதை எங்காவது ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான், அதனால் போன சனிக்கிழமை மலைமேல் இருக்கிற பழைய மடாலயத்துக்குப் போய் வந்தோம். அவன் ஓட்ட, பக்கத்தில் அப்பா உட்கார்ந்து பிரேக் இல்லாத இடத்திலெல்லாம் பிரேக் மிதிக்க, பின்னால் நானும் உன் அத்தையும். தொள்ளாயிரம் வருஷத்துக் கட்டடமாம். அத்தை இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்துல ஒருத்தருக்குக்கூட படிக்கு ஒரு கைப்பிடி வைக்கணும்னு தோணலையா என்று கேட்டாள். நர்ஸாக இருந்தவள் இல்லையா, எந்தப் படியைப் பார்த்தாலும் அவள் கண்ணுக்கு உடைந்த இடுப்பெலும்புதான் தெரியும்.

உள்ளே துறவிகள் தங்கின அறைகளைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கல் மேடை, ஒரு மாடம், தலையை விட்டால் திரும்ப எடுக்க முடியாத அளவுக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான் குடித்தனம். இந்த அறையில் ஒருவர் நாற்பது வருஷம் யாரோடும் பேசாமல் இருந்தார் என்று சுற்றிக் காட்டினவர் பெருமையாகச் சொன்னார். எங்க வீட்லயும் ஒருத்தர் மூணு வருஷமா பயிற்சி எடுத்துக்கிட்டிருக்கார் என்று நான் சொன்னேன். அப்பா காதில் விழாத மாதிரி சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரம் ஏறுது, எங்கயோ குழாய் கசியுது என்றார். நான் எதைச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். கடல் தாண்டி வேலைக்குப் போகிறேன் என்று நீ பெட்டியோடு நின்ற அன்றைக்கு, போறதுன்னா போ, திரும்பி இந்த வாசப்படி மிதிக்காதே என்று தெருவே கேட்கக் கத்தினாரே, அன்றோடு உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. அப்பனும் மகளும் பிடிவாதத்தில் ஒரே அச்சு, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

கதைக்கு வருகிறேன். அங்கே இரண்டு மரப்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். கூடத்தில் விளக்குக்குக் கீழே இருப்பதில் வேண்டுதல்கள் என்று எழுதியிருக்கும். செருப்பு விடுகிற இடத்தில் இருப்பதில் குறைகள் என்று எழுதியிருக்கும், அது கழிப்பறை சரியில்லை, தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் எழுதிப் போடுவதற்கு. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டு எழுதி வேண்டுதல் பெட்டியில் போட்டோம். அண்ணன் நிச்சயமாகக் காரைப் பற்றித்தான் எழுதியிருப்பான். அப்பா மட்டும் தூணில் தாளை வைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதி, திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் எழுதி, நாலாக மடித்து, விறுவிறுவென்று நடந்துபோய்க் குறைப் பெட்டியில் போட்டார். குடிநீர் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குறைதீர்ப்புப் பிரிவில் இருந்த கை, வேறெங்கே போகும். ஏங்க, பெட்டி மாறிப்போச்சு என்றேன். வேண்டுதல் வேற, குறை வேற, எனக்கு வேண்டியது ஒண்ணும் இல்ல, இருக்கறது குறைதான் என்றார். இந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது, சாப்பிடப் போய்விட்டோம்.

அங்கே ஒரு வழக்கம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் குறைப் பெட்டியைத் திறந்து, வந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகப் படித்து, அங்கேயே பதில் சொல்லி, ரப்பர் முத்திரை குத்திவிடுவார்களாம். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குண்டுத் துறவி வந்து உட்கார்ந்தார், அத்தை பார்த்தவுடனே இவருக்கு சர்க்கரை இருக்கு என்று என் காதில் சொன்னாள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று முதல் சீட்டு, நாளைக்கே போட்டுடறோம் என்றார். விடியற்காலையில் மணி அடித்துத் தூக்கம் கெடுகிறது என்று விடுதியில் தங்கியிருந்த யாரோ எழுதியிருந்தார்கள், அதுக்குத்தான் அடிக்கிறோம் என்றார். கூடமே சிரித்தது. மூன்றாவது தாளை விரித்து, பெறுநர், உயர்திரு கடவுள் அவர்கள், தலைமையகம் என்று படித்தாரோ இல்லையோ அது யார் சீட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பா காலித் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துறவி படித்துக்கொண்டே போனார்:

பொருள்: வாய்மொழி உத்தரவை ரத்து செய்தல் தொடர்பாக. ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகள் இனி வீட்டுக்கு வரக்கூடாது என வாய்மொழியாக உத்தரவிட்டேன். அதுவரை நான் சொன்ன எதையும் கேட்டறியாத மேற்படி மகள் இந்த ஒன்றை மட்டும் தவறாமல் கடைப்பிடித்து வருகிறாள். உத்தரவு கோபத்தில் பிறப்பிக்கப்பட்டது. அதை ரத்து செய்ய விரும்புகிறேன். ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு அவள் தொலைபேசியில் அழைக்கும்போது நான் எடுத்தால், அம்மா இருக்காங்களா என்று மட்டும் கேட்பதால், தெரிவிக்க வழியில்லை. ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

தலைமையகத்துக்குச் சிரித்தவர்கள் எல்லாம் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அவருக்கு உன்மேல்தான் கோபம் என்று நினைத்திருந்தேனடி. டேய் தம்பி, இதை எழுதவா மலை ஏறினே என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். துறவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது எங்க இலாகா இல்லீங்க ஐயா, மேல அனுப்பினாலும் அங்கேருந்து இதையேதான் சொல்வாங்க, சம்பந்தப்பட்டவங்களுக்கே நேரா அனுப்பிடுங்க என்று சொல்லி, உரிய இடத்துக்கு அனுப்பவும் என்று ஒரு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். உன் அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தேதி போடலையே என்றார் பார், எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. துறவியும் பொறுமையாகத் தேதி போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது அப்பா வழியே சொல்லவில்லை, அண்ணன் இரண்டு தடவை தப்பாகத் திரும்பினான்.

அதற்கப்புறம் அந்தத் தாளை நாலு நாளாக அழுக்குச் சட்டையிலிருந்து வெளுத்த சட்டைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அனுப்புங்களேன் என்றால் அவ விலாசம் தெரியாது என்கிறார், உன் விலாசம் ஃபிரிட்ஜ் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து நானே எடுத்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். அவர் தேடுவார், தேடட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன், அண்ணனையும் இழுத்துக்கொண்டு போவேன். போனை அப்பாதான் எடுப்பார். அம்மா இருக்காங்களா என்று கேட்காதே, நான் இருக்க மாட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா