மூடிமேல் வினிகர் ரொட்டி

டிசம்பர் 2

இந்த மாதம் கவனிக்க வேண்டியவை, வரிசையாக:

1. கண் மதிப்பிட்டதைவிடக் கைக்குக் கனமாக இருக்கும் காலிபிளவரையே வாங்க வேண்டும்.
2. இலையை மடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். துவண்டால் வேண்டாம்.
3. பூவைக் கட்டைவிரலால் தடவினால் உதிரக் கூடாது.
4. வெந்த பூவில் முள்கரண்டி இறங்க வேண்டும். ஆனால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். ஆறுவதற்குள் வினிகர், எண்ணெய்.
5. பானை மூடியின் மேல் வினிகரில் நனைத்த ரொட்டித் துண்டு. வாசனை வெளியே போகாது. ஆகவே யாருக்கும் தெரியாது.

ஐந்தாவதுதான் முக்கியம். மேல்மாடி எர்சிலியா அக்காவுக்கு — என் மனைவி நுன்ஸியாவின் அக்கா — நேற்று மணிக்கட்டு முறிந்துவிட்டது. நுன்ஸியா இறந்தபிறகு மூன்று வருடமாகக் கிறிஸ்துமஸ் முன்தின விருந்துக்கு ரின்ஃபோர்சோ சாலட் — வெந்த காலிபிளவரை வினிகரில் ஊறவைப்பது — அவள்தான் செய்கிறாள். "இந்த வருஷம் கடையில சொல்லிட வேண்டியதுதான். வேற யாரு இருக்கா?" என்றாள். நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். "நான் இருக்கேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பது வருடம் வடிவியல் சொல்லிக்கொடுத்த வாய்.

டிசம்பர் 5

சந்தையில் ஏழு காலிபிளவரைத் தூக்கிப் பார்த்தேன். காய்க்காரி தித்தினா, "வாத்தியாரே, வாங்கப் போறீங்களா, ஞானஸ்நானம் குடுக்கப் போறீங்களா?" என்றாள். வரிசையே சிரித்தது. கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். இலை துவண்டது.

டிசம்பர் 6

குழைந்துபோயிற்று. கரண்டியால் அள்ளித் தின்றேன். கடைச் சாலட்டே மேலோ?

டிசம்பர் 13

முந்தாநாள் மூன்றாவது முயற்சி. பதினொரு நிமிடம் வேகவைத்தேன். இரண்டு நாளாகியும் பூ கெட்டியாக இருக்கிறது. அதுதானே வேண்டும் — விருந்தில் மிஞ்சியதன் மேல் தினமும் ஏதாவது சேர்த்துச் சேர்த்து, ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்வரை அந்தக் கிண்ணம் தாங்க வேண்டும். அடியில் காலிபிளவர் குழைந்தால் மேலே என்ன போட்டும் வீண்.

டிசம்பர் 22

தித்தினா தானாகவே ஒன்றை எடுத்து நீட்டினாள். "வேண்டாம், இது லேசு" என்றேன். நானா சொன்னேன்? அவளும் கையில் வைத்துப் பார்த்தாள். "அட, ஆமா!" வீடுவரை நிமிர்ந்தே நடந்தேன்.

டிசம்பர் 23

பானை அடுப்பில். அப்போது பார்த்து ஜன்னலுக்கு வெளியே எர்சிலியா அக்காவின் கூடை கயிற்றில் இறங்கி வந்தது. உள்ளே அவளுடைய குண்டு மிளகாய் ஜாடி. வினிகரில் அவளே ஊறப்போட்டது, யாருக்கும் தரமாட்டாள். கீழே முற்றத்தில் யாருக்கோ அனுப்புகிறாள் போலும். ஆனால் கூடை என் ஜன்னலிலேயே நின்று ஆடியது. கயிறு சிக்கிவிட்டதோ? திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றேன். ரொட்டியை இன்னொரு முறை நனைத்தேன். கால் மணி கழித்துக் கூடை மேலே போனது.

டிசம்பர் 25

நேற்றைய விருந்து. கிண்ணத்தைத் துண்டால் மூடி மேல்மாடிக்கு எடுத்துப் போனேன். கடைச் சாலட்டுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிடுவது என் திட்டம். மேசை நடுவில் ஒரு கிண்ணத்துக்கு இடம் விட்டிருந்தது. கிண்ணம் இல்லை.

"கடையிலேர்ந்து இன்னும் வரலையா அக்கா?"

"எந்தக் கடை? மூணு வாரமா மாடிப்படி பூரா காலிபிளவர் நாத்தம். தபால்காரன்கூட கேட்டான், வாத்தியார் வீட்ல என்ன நடக்குதுன்னு."

துண்டை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை அந்த இடத்தில் வைத்தேன். அவள் விடவில்லை. "ஒத்தக் கையால கால் மணி நேரம் கூடையைத் தொங்கவிட்டேன். அதுலேர்ந்து மிளகாயை எடுத்துக்கத் தெரியல. படிச்ச மனுஷன்!"

ஜாடியைத் திறந்து மூன்று மிளகாயை இடது கையாலேயே கிழித்து என் கிண்ணத்தில் போட்டாள். ஒரு பூவை எடுத்து மென்றாள்.

"நுன்ஸியா செஞ்சா இதைவிட நல்லாருக்கும்" என்றாள். இன்னொன்றை எடுத்தாள். "என்னுது இந்த அளவுக்கு வராது, எத்தோரே."

ஜனவரி 6

உப்பு நெத்திலி, ஆலிவ் என்று அவள் தினமும் சேர்த்த கிண்ணத்தின் அடியில் இன்று கடைசிப் பூ. பதினான்கு நாளாகியும் முள்கரண்டிக்கு முரண்டு பிடித்தது!

"அடுத்த கிறிஸ்துமஸுக்குள்ள உங்க கை சரியாயிடும்" என்றேன்.

"கை சரியாயிடும். சாலட் உன்னுதுதான்."

ஒன்று முதல் நான்குவரை சரி. ஐந்தாவது தவறு. அடுத்த டிசம்பரில் ரொட்டி வேண்டாம். ஜன்னலையும் திறந்தே வைக்கலாம்.