நீ வெட்டிவிட்ட மூலை

மாப்ள,

இன்று காலை கொத்தனார் சுண்ணாம்புப் பொடியை அள்ளித் தரையில் கோடு போட்டார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. நம் பிளானுக்கு மாநகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. உன் வீடும் என் வீடும் இடிந்து ஒரே மனையாகக் கிடக்கின்றன. நடுச்சுவர் இல்லாமல் பார்த்தால், இவ்வளவு இடத்திலா இருந்தோம் என்றிருக்கிறது.

இரண்டு மனையையும் சேர்த்து இந்தச் சின்ன அபார்ட்மெண்ட்டைக் கட்ட முடியாமல் போயிருந்தால், ஒழுகுகிற வீடுகளை ஆளுக்கொரு விலைக்குத் தள்ளிவிட்டு நீ பரவைக்கும் நான் திருப்பரங்குன்றத்துக்கும் போயிருக்க வேண்டியதுதான். "இந்த வயசுல ஒன்னைப் பாக்க நான் பஸ் ஏறணுமாக்கும்?" என்று என்னிடமே பாய்ந்தாய். உன் கோபத்துக்கு எப்போதும் நான்தான் வாகாக அகப்படுவேன்.

பிளானை மாநகராட்சியில் கொடுத்த நேரம் பார்த்துத் தெருவே எதிர்த்து மனுக் கொடுத்தது. கட்டடம் வந்தால் அம்மன் சப்பரம் முக்குத் திரும்பாது என்றார்கள். ஆடியில் தோளில் தூக்கி வருகிற சப்பரம், உன் வீட்டுக் காலி வாசலில் ஏறித்தான் திரும்பும். பிளானில் அந்த இடத்தில் கட்டடம் நின்றது. வருஷா வருஷம் சப்பரம் தூக்குகிற எனக்கே அது உறைக்கவில்லை பார்.

பார்வையிட வந்த அதிகாரி, "தெருவோட பேசி முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சமாதானம் பேசக் கிளம்பினேன். நீயோ ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்து, பிளானில் உள்ளபடி தரையில் கோடு போட்டாய்.

"சப்பரத்துத் தண்ட எடுத்துட்டு வாங்கப்பா. திரும்பிப் பாப்போம்."

"சாமி இல்லாமயா அண்ணே?"

"சாமி ஆடிக்கு வரட்டும். இப்ப மூங்கிலு வந்தாப் போதும்."

முறைத்துக்கொண்டு நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். தண்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். முன்தண்டு உன் கோட்டுக்குள் போய்விட்டது. "பாத்தீகளா?" என்றார் பூசாரி. நீ செருப்பைக் கழற்றிவிட்டு, காலாலேயே மூலையை அழித்து, உள்ளே தள்ளிச் சாய்வாக ஒரு கோடு போட்டாய். அப்போதும் இடித்தது. இன்னும் உள்ளே தள்ளினாய். தண்டு தாராளமாகத் திரும்பியது.

"மாப்ள, அது உன் பெட்ரூம்டா" என்றேன்.

"படுக்க எம்புட்டு எடம் வேணும்? கட்டில இந்தப் பக்கம் போட்டுட்டாப் போச்சு."

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பூசாரிதான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அன்று உன்னால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாதக்கணக்கில் அதையே சொல்லிக் கிண்டலடித்து என்னை உட்கார விட்டிருக்க மாட்டாய்.

மாற்றிய பிளான் போனது. அனுமதி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று கொத்தனார் அந்த முக்குக்கு வந்ததும் நின்றார். "சார், மூலைமட்டம் சேரலையே. கோணலா வருது."

"எங்க மாப்ள வெட்டுன மூல. அப்படித்தான் வரும், போடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பிவிட்டது.

அந்த வீடு இனி உன் மகளுக்கு. பிள்ளைகளை வைத்திருக்கிறவள், கோணல் அறையில் ஏன் சிரமப்பட வேண்டும், என் வீட்டோடு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். "அத்தா வெட்டுன மூல, மாமா. யாருக்கும் தர மாட்டேன்" என்றாள். உன் முறைப்பு அப்படியே அவள் முகத்தில் இருந்தது.

செங்கல் வண்டிகள் அந்தப் பக்கம்தான் திரும்புகின்றன. யாரும் கோட்டை மிதித்து அழித்துவிடக் கூடாதென்று ஒரு நாற்காலியைப் போட்டுச் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "என்ன சார், காவலா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன்.

வயதாகிவிட்டது, இந்த ஆடிக்கு நீங்கள் தூக்க வேண்டாம் என்கிறார்கள் பையன்கள். யார் கேட்பது? முன்தண்டு என் தோளில்தான் மாப்ள. உன் மூலையில் அது இடிக்காமல் திரும்புவதை நான்தான் தோளில் அறிய வேண்டும்.