வாஞ்சூரைத் தாண்டாத வண்டி

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மைலேஜ். மைலேஜ். மைலேஜ். இந்த ஊரில் காரைப் பற்றிக் கேட்க வேறு கேள்வியே கிடையாதா?

சஃபியுல்லா மாமா, உம்மாவின் தம்பி, குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஜீப்பில். ஆனால் அந்த வீட்டு மூத்த மகனிடம் ஒரு மஸராட்டி கிரான்டூரிஸ்மோ இருந்ததாம். அதைக் கழுவி சர்வீசுக்கு விட்டு எடுத்து வருவதும் மாமா வேலைதான். சர்வீஸ் சென்டர் போய் வரும் தூரம் மட்டும் அவருக்குக் கிடைத்தது.

இப்போது அதே வண்டி, பழசாவது, தனக்கே தனக்காக வேண்டுமாம். பஹீமா மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து கன்னியாகுமரி, அங்கிருந்து மூணாறு, அங்கிருந்து மைசூர் என்று ஒரு மாசம் ஓட்ட வேண்டுமாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமியை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. லீவில் வருவார், வீட்டில் ஒரு ரூம் கட்டுவார், போய்விடுவார்.

சாப்பிடும்போது இதைச் சொன்னதும் உம்மா கேட்டது: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

"அஞ்சு" என்றேன்.

"தம்பி, நீ பெட்ரோலைக் கொண்டுபோய் நேராக் கடல்ல ஊத்திடு. அலைச்சலாவது மிச்சம்."

மாமா உம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நௌஷின், நீதான் தேடிக் கொடுக்கணும். இந்த வீட்ல வண்டி தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான்."

நாலு புள்ளி ஏழு லிட்டர் வி-எய்ட். எங்க தெருவுல!

6 ஆகஸ்ட்

கண் எரிகிறது. ரெண்டு நாளாக விளம்பரம் விளம்பரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டெல்லியில் ஒன்று — அடிபட்டு ஒட்டவைத்தது, பானட் இடைவெளியைப் பார்த்தாலே தெரிகிறது. மும்பையில் ஒன்று — வெள்ளத்தில் மூழ்கியது, சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துக் காட்டச் சொன்னேன், மண். விளம்பரம் போட்ட ஆள் என்னை "பிரதர்" என்றே கூப்பிடுகிறான்.

வாப்பா கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கார் லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவ ஃபெயில். இவ வாங்கித் தர்றா மஸராட்டி" என்றார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவளுக்கு இன்ஜின் தெரியக்கூடாதா?

7 ஆகஸ்ட்

கிடைச்சிடுச்சு கிடைச்சிடுச்சு கிடைச்சிடுச்சு.

2013 மாடல். அடர் நீலம். உள்ளே பழுப்புத் தோல். ஓடியது ரொம்பக் கம்மி. நம்பர் என்ன தெரியுமா? பி.ஒய். 02! நம்ம காரைக்கால் நம்பர்! ஆர்.சி.யில் தலத்தெரு விலாசம்! விற்கிறவர் பேர் செம்பியன், பாண்டிச்சேரிப் பக்கம் ஷெட் வைத்திருக்கிறார். வேறு மாநிலத்து வண்டி என்றால் தடையில்லாச் சான்று, திரும்ப வரி என்று அலையவேண்டும். இது நம்ம ஊர் வண்டி, நம்ம ஊர் ஆபீஸ், பேர் மட்டும் மாற்றினால் முடிந்தது.

மாமா படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "நம்ம புள்ளையாட்டம் இருக்கு" என்றார்.

10 ஆகஸ்ட்

பாண்டி போய்ப் பார்த்தோம். செம்பியன் முடுக்கிக் காட்டினார். அப்பா, அந்தச் சத்தம். ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணாமலே உட்கார்ந்திருந்தார்.

நானே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டார். செம்பியன் விடவில்லை. "மூடுன லாரியில ஏத்தி வீட்டு வாசல்ல இறக்குறேன் சார். புது ஓனர் கைக்குத் தூசி படாம வரணும். அது எங்க பழக்கம்."

என்ன மரியாதை! இவ்வளவு நேர்த்தியான ஆளை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை என்று இன்ஸ்டாவில் வேறு போட்டேன்.

14 ஆகஸ்ட்

பேர் மாற்ற மனு கொடுத்தாச்சு. நாளைக்கு சுதந்திர தினம். நாளன்னைக்கு நமக்கு மட்டும் இன்னொரு லீவு, பிரெஞ்சுக்காரன் சட்டப்படி கையெழுத்துப் போட்ட நாளாம். அப்புறம் சனி, ஞாயிறு. ஏன்யா ஒரே தடவையில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாது?

26 ஆகஸ்ட்

வண்டி வந்தது. லாரி தெருவுக்குள் திரும்பவில்லை, முனையிலேயே இறக்கினார்கள். அங்கிருந்து வீடு வரை மூன்று வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து, நான் குப்புறப் படுத்து அடியைப் பார்த்து, "வாங்க... வாங்க... நில்லுங்க மாமா!" என்று கத்தி — கல்யாண ஊர்வலம் தோற்றது. ஊரே வேடிக்கை. ஒருத்தராவது இன்ஜினைப் பற்றிக் கேட்டார்களா? மைலேஜ்!

"ரெண்டு கதவுதானா? மீதி ரெண்டு எங்க?" இது உம்மா.

மாமி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

9 செப்டம்பர், திங்கள்

எழுதவே பிடிக்கல.

காலையில் கிளம்பினோம். வேளாங்கண்ணி வரை நானும் கூட வந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. மாமி புதுப் புடவை, பெட்டி, ஒரு டப்பா தம்ரூட்டு இனிப்பு. திருமலைராயன்பட்டினம் தாண்டும்வரை மாமா பாட்டுக் கூடப் போடவில்லை, "இன்ஜினைக் கேளு" என்றார். வாஞ்சூர். நம்ம எல்லை முடிகிற இடம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு செக்போஸ்ட்டில் எல்லா வண்டியையும் சரக்கு பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வழக்கம்தான். கான்ஸ்டபிள் டிக்கியைத் திறந்து தம்ரூட்டு டப்பாவை முகர்ந்து பார்த்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பக்கத்தில் ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் நின்றிருந்தார். நம்பரைப் போனில் தட்டினார். மறுபடி தட்டினார். மாமாவைக் கீழே இறங்கச் சொன்னார்.

"எப்ப வாங்கினீங்க?"

"போன மாசம் சார்."

"இது கோயம்புத்தூர்லயே வருஷக்கணக்கா ஓடின வண்டிங்க. வரி கம்மின்னு உங்க ஊர் விலாசத்துல பதிஞ்சிருக்கான். எங்க பக்கம் வரி, அபராதம் எல்லாம் நிக்குது. இந்த நம்பரைப் பாத்தாப் பிடிக்கச் சொல்லி உத்தரவு இருக்கு."

நான் கத்தினேன்: "நாங்க என்ன சார் பண்ணோம்? முன்னாடி இருந்தவன்கிட்டக் கேளுங்க!"

"பாப்பா, உத்தரவு ஆளு மேல இல்ல, வண்டி மேல." குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, வண்டியோட முன்சக்கரம் இன்னும் உங்க ஊர்லதான் நிக்குது. அப்படியே ரிவர்ஸ் எடுத்தீங்கன்னா நான் பாக்கல. தாண்டினா சீஸ்."

மாமா ரிவர்ஸ் எடுத்தார். இவ்வளவு அழகாக யாரும் ரிவர்ஸ் எடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த வரியையும் அபராதத்தையும் கட்டுகிற காசில் இன்னொரு கார் வாங்கிவிடலாம்.

10 செப்டம்பர்

ஆர்.சி.யில் இருந்த பழைய விலாசத்தைத் தேடித் தலத்தெரு போனேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஓட்டு வீடு. அஞ்சுகம் அக்கா என்று ஒருத்தர், வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"காரா? எந்தக் காரு கண்ணு? நீலமா வெள்ளையா?"

"அக்கா, உங்க வீட்டு விலாசத்துல எத்தனை கார் இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? மாடி ரூம வாடகைக்குன்னு ஒருத்தன் எழுதி வாங்கினான். ஒரு நாள்கூட வந்து படுக்கல. அப்புறம் பாத்தா பெரிய பெரிய காரு பேரு போட்டுத் தபாலா வருது. தபால்காரர் என்னைக் கண்டா 'என்ன மொதலாளியம்மா'ங்குறாரு. எனக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது!" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன்.

இந்த ஊரில் ஓடும் கார் எல்லாம் எனக்குச் சத்தத்திலேயே தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். பத்து வருஷமாக ஒரு மஸராட்டி தலத்தெருவில் இருந்தால் அது என் காதில் விழாமல் போகுமா? ஒரு நிமிஷம் யோசிச்சேனா? கோயம்புத்தூர்க்காரனோ மதுரைக்காரனோ பி.ஒய். நம்பரைக் கண்டால் உஷாராகி நாலு கேள்வி கேட்டிருப்பான். அதைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற ஒரே ஜனம் நாங்கதான். தூசி படாம லாரியில அனுப்பினானாம்! தமிழ்நாட்டு ரோட்டுல சக்கரம் படக்கூடாதுன்னு அனுப்பியிருக்கான்டீ!

11 செப்டம்பர்

செம்பியன் போன் ஸ்விட்ச் ஆஃப்.

12 செப்டம்பர்

ஸ்விட்ச் ஆஃப். ஷெட் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடையாம். வக்கீல் பார்க்கிறேன் என்கிறார். எதைப் பார்ப்பார், எப்போது பார்ப்பார், சொல்லவில்லை.

மாமா என்னைத் திட்டினால் தேவலை. "நீ என்ன செய்வ, விடு" என்கிறார். அது இன்னும் மோசம்.

6 அக்டோபர்

கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன் காக்கா, மாமாவுக்கு அண்ணன் மாதிரி, வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டி வேண்டுமாம்.

"ஊர் எல்லைக்குள்ளதான சஃபி ஓடணும்? நம்ம ஊர்வலம் என்ன நாகூருக்கா போவுது? மாப்பிள்ளைய முன்னால உக்கார வச்சு, பூ சுத்தி, மெதுவா நீ ஓட்டினாப் போதும். சீசன்ல வாராவாரம் வேலை."

எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமா டீயைக் கீழே வைத்தார்.

"காக்கா, இவ்வளவு வருஷம் ஊரான் வீட்டு ஆளுங்களுக்கு வண்டி ஓட்டினேன். கதவத் திறந்து விட்டேன், மூடி விட்டேன். சொந்த வண்டி வாங்கியும் அதேதானா?"

ஜெய்னுலாபுதீன் போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மைலேஜ் என்னம்மா தருது?"

19 நவம்பர்

மழை. வண்டிக்கு மேல் தார்ப்பாய். மாமா அந்தப் பக்கம் போவதே இல்லை. வாரம் ஒரு தடவை பேட்டரிக்காக நான்தான் ஸ்டார்ட் பண்ணுகிறேன். கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது, உட்கார்ந்து உறும விடுவேன். பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்தில் எழுந்து அழுகிறது என்று புகார்.

மாமி அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே. தேவையான புடவையை அதிலிருந்தே எடுத்துக் கட்டி, துவைத்து, மடித்து அதிலேயே வைக்கிறார். பார்க்கப் பொறுக்கவில்லை.

5 டிசம்பர்

மாமிக்கும் மாமாவுக்கும் சண்டை. நான் மாமா வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோன நேரம்.

மாமா: "தள்ளிவிடலாம். இரும்புக் கடைக்காரன் கேட்டாலும் கொடுத்துடலாம்."

மாமி: "கன்னியாகுமரிதான் வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? பக்கத்துல உக்காந்து போவணும்னு கேட்டேன். இங்க இருக்குற விழிதியூருக்கு வேணா கூட்டிப் போங்க. அதையும் நான் பாத்ததில்ல."

"அங்க என்ன இருக்கு, வயலு."

"வயலப் பாக்குறேன். உங்களுக்கு என்ன?"

மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மாமி சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "நீங்க கோவிச்சுக்கிட்டே கெடங்க. நான் கத்துக்குறேன்."

நான் சிரித்தேன். சிரித்தது தப்பு என்று மாமி பார்த்த பார்வையில் தெரிந்தது.

18 டிசம்பர்

மாமிக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. முதல் தடவையிலேயே! ஆபீசில் எந்த வண்டியில் பழகப் போறீங்க என்று கேட்டதற்கு மஸராட்டி என்று சொல்லியிருக்கிறார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

மாமா தார்ப்பாயை எடுத்தார். "கியர் பெட்டி போயிடும், எல்லாம் போயிடும்" என்று முனகிக்கொண்டே டயருக்குக் காற்று பார்த்தார்.

29 டிசம்பர்

ஒரு மஸராட்டிக்குப் பின்னால் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர் ஒட்டிய உலகத்தின் ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். பெயின்ட்டில் ஒட்டவேண்டாம், கண்ணாடியில் ஒட்டலாம் என்று கெஞ்சினேன். "கண்ணாடில ஒட்டுனா எனக்கு மறைக்குது" என்றார் மாமி. இன்ஸ்டாவில் போட மனசு வரவில்லை.

12 ஜனவரி 2025, ஞாயிறு

மாமி ஓட்டினார். மாமா இடது சீட்டில். பின்சீட்டில் நான், முழங்கால் மோவாயில் இடிக்க, மடங்கி.

இருபதுக்கு மேல் போகவில்லை. நானூற்றைம்பது குதிரைத் திறனை ஷேர் ஆட்டோ முந்துகிறது. ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி முந்துகிறது. மாமா கால் தரையைக் குத்திக்கொண்டே வந்தது. "பிரேக்... பிரேக்கு... அந்த ஆடு... பஹீமா, ஆடு!"

"பாத்துட்டேன். ஆடும் என்னைப் பாத்துடுச்சு. நீங்க சும்மா வாங்க."

நேற்று விழிதியூர் போனோம், வயல் பார்த்தோம். இன்றைக்குக் கடலோர ரோடு, தெற்கே வாஞ்சூர் வரை. திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் முன்சீட்டில் சத்தம் நின்றது. மாமாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் வாயைத் திறந்து தூங்குகிறார்.

"மாமி! எல் போர்டு வண்டில லைசென்ஸ் இருக்குற ஒரே ஆளு தூங்குறாரு! எழுப்புங்க!"

"மெதுவாப் பேசு. கார்ல உக்காந்து அவரு தூங்கி நான் பாத்ததே இல்ல."

வாஞ்சூர் வந்தது. அங்கே நின்ற கான்ஸ்டபிள் வண்டியை அடையாளம் கண்டுகொண்டு, கையால் வட்டம் போட்டுக் காட்டினார், திருப்பு திருப்பு என்று. மாமி திருப்பினார், அவ்வளவு நிதானமாக, குலுங்காமல் — மாமா தலைகூட ஆடவில்லை. எனக்கு ரெண்டு தடவை ஃபெயில் போட்ட ஆள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வெயில் இறங்கிவிட்டது. ஊருக்குள் வந்தோம். எங்கள் தெரு முனை வந்தது. போனது.

"மாமி, நம்ம தெரு தாண்டிடுச்சு."

"தெரியும் புள்ள. அவரு தூங்கட்டும்."

வண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது.