மஞ்சள் இன்னும் வரவில்லை, பாய்

பாய்,

காலையிலிருந்து கைபேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். இணையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒருவர், மஞ்சள் லேசர் டயோடு கையிருப்பில் இருப்பதாகப் போட்டிருக்கிறார். சுவரில் விழுந்த மஞ்சள் புள்ளியின் வீடியோவும் உண்டு. அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். நிருபராகச் செய்திக்காக எத்தனையோ அலுவலக வாசல்களில் நின்றிருக்கிறேன். இப்படி இருப்புக்கொள்ளாமல் நின்றதில்லை. காபி ஆறி ஏடு கட்டிவிட்டது.

உங்கள் ரிப்பேர் கடைக்கு நான் முதலில் வந்தது ஓடாத டிவிடி பிளேயரோடு. திறந்து பார்த்துவிட்டு, “இது செத்துப்போச்சு சார். ஆனா இதோட கண்ணு உயிரோட கீது” என்றீர்கள். உள்ளேயிருந்து மிளகு அளவில் இருந்த லேசர் டயோடைப் பிரித்தெடுத்து, கம்பி பற்றவைத்து, பேட்டரி கொடுத்து, எதிர்ச் சுவரில் சிவப்பைப் பாய்ச்சினீர்கள். அதன்பிறகு பிளேயரைப் பற்றி நாம் பேசவே இல்லை. அடுத்த வாரம் நான் வேறொரு பழைய பிளேயரோடு வந்து நின்றபோது ‘சார்’ போய் ‘நைனா’ ஆகிவிட்டேன்.

சிவப்புக்குப் பிறகு ஊதா வந்தது, நீலம் வந்தது, நெடுநாள் இழுத்தடித்துப் பச்சையும் நம் டயோடு டப்பாவுக்கு வந்தது. புதிய நிறம் எதுவும் முதலில் ஏதாவது மெஷினுக்குள்தான் வரும். அந்த மெஷின் பழசாகி, எங்கோ யாரோ அதை உடைத்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டும். அதனால் புது புரொஜெக்டரின் விளம்பரம் பார்த்தாலே, “இது எப்போ ஒடையும்?” என்பீர்கள். அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஓடிக்கொண்டிருந்த புரொஜெக்டரையே நாம் சுற்றிச் சுற்றி வந்ததும், மண்டபக்காரர் நம்மைப் பந்திக்கு விரட்டியதும் நினைவிருக்கும்.

மஞ்சள் மட்டும் வரவில்லை. அந்த நிறத்தை நேராகத் தரும் டயோடை இன்னும் யாரும் செய்து விற்கவில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் உங்களுக்குத் தாங்காது. மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டத்தைக் கடை வாசலில் நின்று பார்ப்பீர்கள். உடம்பில் மஞ்சள் துணி, மொட்டைத் தலையில் சந்தனம்.

“ஊரே மஞ்சளா போய்கினு கீது நைனா. நம்ம டப்பாவுல மட்டும் இல்ல.”

“மலை மேல கேட்டுப் பாக்கலாமே பாய்?”

“நீ கேளு. உனக்குத்தான் அங்க பழக்கம்.”

சிவப்பையும் பச்சையையும் ஒரே புள்ளியில் சேர்த்தால் பார்வைக்கு மஞ்சள்தான். இதுவே போதுமே என்று ஒருநாள் சொன்னேன். நீங்கள் முக்கோணக் கண்ணாடி ஒன்றைக் குறுக்கே வைத்தீர்கள். மஞ்சள் உடைந்து சிவப்பு ஒரு பக்கமும் பச்சை ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தன. “பாத்தியா? ரெண்டு பேரும் போட்டோவுக்கு ஒண்ணா நின்னாங்க. அவ்ளோதான்.”

சர்க்கரை உங்கள் விழித்திரையைத் தொட்டதும் அந்தக் காத்திருப்புக்குள் பயம் புகுந்தது. மஞ்சள் வருவதற்குள் பார்வை போய்விடுமோ என்று நான் தினமும் இணையத்தைத் துழாவினேன். சென்னையில் கண் மருத்துவர் லேசர் வைக்க வேண்டும் என்றபோது, நீங்கள் வலிக்குமா என்று கேட்கவில்லை. “இன்னா கலரு டாக்டர்?” என்றீர்கள்.

“மஞ்சள்” என்றார் அவர்.

நீங்கள் என் பக்கம் திரும்பிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

லேசர் வைத்துக்கொண்டு திரும்பும் ரயிலில் மணவூர் வரை கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மனைவிதான் ஆரம்பித்தார். “அதான் கண்ணுக்குள்ளயே வாங்கிகினீங்களே, இன்னும் இன்னாத்துக்குத் தேடறீங்க?”

“அது பொட்டி சைஸ் மெஷினு. டயோடுலருந்து நேரா வர்ற மஞ்சள் இல்ல.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “கண்ணு போவுதேன்னு நான் அழுதுகினு கீறேன், இந்த மனுசன் கலருக்கு மார்க் போட்டுகினு கீறாரு!” எதிர் சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஒரு கண் தப்பியது. நாங்கள் எல்லோரும் கண்ணையே கவனித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் போனது மாரடைப்பில்.

விற்பவரிடம் நான் கேட்டது இதுதான்: ஒளியை முக்கோணக் கண்ணாடி வழியாக விட்டு வீடியோ அனுப்ப முடியுமா? இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மதியம் பதில் வந்தது. சுவரில் இரண்டு புள்ளிகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ‘பார்வைக்கு மஞ்சள்தானே சார்’ என்று அடியில் ஒரு வரி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் சொல்லத்தான் உங்களுக்குத் தொடர்ந்து எழுதுகிறேன். உங்களுக்காகத் தேடுவதாகத்தான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். ஆனால் வீடியோ திறக்கும்வரை எனக்குள் இருந்தது, மஞ்சள் உண்மையிலேயே வந்துவிட்டதோ என்ற பயம். வந்தால் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? நான் ஒருவனாக ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே பிடிக்கவில்லை.

காலையிலேயே உங்கள் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

“வந்துச்சாண்ணா?”

“இல்லம்மா. கலவை.”

“ஆங்... உடுங்க. வரும்போது வரட்டும்.” வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “அண்ணா, வந்தா நீங்க மட்டும் தனியா பாத்துடாதீங்க. இத்தினி வருசம் அதைத் திட்டிகினே இருந்தேன். அது மூஞ்சி எப்படி கீதுன்னு நானும் பாக்கணும்.”

சரி என்றேன்.

இப்போது மறுபடி துழாவிக்கொண்டிருக்கிறேன். எங்கோ ஓர் ஆய்வகத்தில் மஞ்சள் டயோடு ஒளிர்ந்ததாக ஒரு வரி கிடைத்திருக்கிறது. யாரும் உறுதி செய்யவில்லை. பயம் குறைந்திருக்கிறது, பரபரப்பு குறையவில்லை. அது நீங்கள் தொற்றவைத்துவிட்டுப் போனது, என்னோடு இருக்கட்டும். மஞ்சள் லேசரைப் பார்க்கும்போது கண்ணில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எங்கும் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் மனைவிக்கென்று ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். அது நாளைக்கே வந்துவிடுமாம்.