குதிரைக்கு ஐந்து, குமாரவேந்தனுக்கு ஒன்று

2025 ஜூலை 9

கொள்ளேகால் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலத்தில் பாப்பாத்தி என்ற பெண் என்னை ஒரு கேள்வி கேட்டாள். வகுப்பு முழுவதையும் நிலா வரைந்து வரச் சொல்லியிருந்தேன். "மிஸ், எல்லாரும் ஒரே நிலாவைத்தான் பாத்தோம். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நிலா வந்திருக்குது. இதுல எதுங்க சரி?" வட்டமாக இருந்தால் சரி என்று சொன்னேன். அதற்குள் மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அவள் நினைவு வந்தது. உள்ளே நடிகர் குமாரவேந்தன் பல வடிவங்களில் இருக்கிறார். காமிக்ஸ் வரைகிறவர்களைத் தேடிப் போய், கெஞ்சி, அவரவர் கையால் வரைய வைத்து வாங்கிய ஒரிஜினல்கள். அச்சு கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது; தொட்டால் பென்சில் கரி விரலில் ஒட்டும். ஒருவருக்கு அவர் மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர். பெங்களூர் மனிஷா அவரைப் பூனையாகவே வரைந்துவிட்டாள். ஆனால் அந்த இடது புருவத்தை மட்டும் தூக்கும் திமிர் இருக்கிறதே, அது பூனைக்கும் அப்படியே வந்திருக்கிறது.

"ஒரு மூஞ்சிக்கு இத்தனை பேப்பரா?" என்றார் என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ். அவர் வேறொரு நடிகரின் கட்சி. அந்தப் பெயரை இந்த டைரியில் எழுதுவதாக இல்லை.

ஜூலை 14

லிங்கப்பன் சம்மதித்துவிட்டார்!

அவருடைய சித்திரக்கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பறிமுதல் செய்து, ஓய்வறையில் உட்கார்ந்து நானே படித்திருக்கிறேன். பாளையக்காரர் கதை, கோட்டைச் சண்டை, குதிரைப் படை. இப்போது கொள்ளேகாலில்தான் இருக்கிறார். யாருக்கும் தனியாக வரைந்து கொடுக்க மாட்டார் என்று பெயர். போனில் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. தசரா சமயத்தில் இங்கே மைசூரில் காமிக்ஸ் ஓவியர்கள் கண்காட்சி வைக்கிறார்களாம். "அப்ப அந்த ஒரிஜினல ஒருக்கா திருப்பிக் குடுக்கோணுமுங்க டீச்சரம்மா."

கொடுக்காமல் என்ன?

ஆகஸ்ட் 2

படம் வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஈரம் படாமல் கட்டி அனுப்பியிருந்தார்.

குதிரை. என்ன குதிரை! மூக்குத் துவாரம் விடைத்து, பிடரி பறந்து, கால் தசை ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம் போல. அதன் மேல் குமாரவேந்தன். முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகிறார்.

முகம் இல்லை. புருவம் இல்லை. அவர் எந்தப் படத்திலும் குதிரை ஏறியதும் இல்லை. ஸ்கூட்டர்தான்.

ஆகஸ்ட் 3

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 4

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சோதனை தவறினால் செய்முறையை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எதிர்வீட்டு வினிதா டியூஷன் எடுக்கிறாள். விடைத்தாள் திருத்த முடியவில்லை என்றால் என்னிடம் தள்ளிவிடுவாள். நேற்று ஒரு கட்டு திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் லிங்கப்பனின் படம். காதில் போன், மகள் பேசிக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டுக் குனிந்தால், குமாரவேந்தனின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் என் கையெழுத்து: "முகம் எங்கே? கேள்வியை மீண்டும் படிக்கவும்." கீழே, குதிரை 5/5. குமாரவேந்தன் 1/5. மொத்தம் 6. அடியில் ஒரு கோடு, சுருக்கொப்பம்.

குளிக்கும்போது கண் தானாக மூடுவதில்லையா, அப்படித்தான் சிவப்புப் பேனா பிடித்த கையும். இதை லிங்கப்பனிடம் சொல்ல முடியுமா?

ஆகஸ்ட் 6

வேறு தாளில் அதே மையால் கிறுக்கிச் சோதித்தேன். எலுமிச்சை: மை அப்படியே இருக்கிறது, தாள் மஞ்சளானது. ப்ளீச்சிங் பவுடர்: மை போனது, கூடவே தாளும் போனது. பற்பசை: எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 7

காபி குடிக்கும்போது கிருஷ்ணராஜ் கேட்டார். "குதிரைக்கு அஞ்சுக்கு அஞ்சா? கொஞ்சம் ஜாஸ்தியில்ல?"

நான் படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த டைரியில் மட்டும்தான் எழுதினேன்.

சரி. தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 17

லிங்கப்பன் போன் செய்தார். சட்டம் போட அளவு வேண்டுமாம், படத்தை அனுப்பச் சொல்கிறார். பத்திரமாக இருக்கிறது என்றேன். பத்திரமாகத்தான் இருக்கிறது, வட்டத்தோடு.

ஓவியர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம். 'ஒரிஜினலில் மார்க் போடுகிற அம்மா' என்று ஒருவர் வாயில் வந்தால் போதும், இனி ஒருவரும் எனக்குப் பென்சில் எடுக்க மாட்டார். அதுகூடப் போகட்டும். ஆசையாக அனுப்பிய மனிதருக்கு ஒன்றா போடுவது?

நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 20

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஒத்திகை. டி.நரசீபூர் தாண்டும்போது மன்னிப்பு நன்றாக வந்தது. கொள்ளேகாலில் இறங்கியதும் மறந்துவிட்டது. படத்தை எடுத்து நீட்டினேன், அவ்வளவுதான்.

லிங்கப்பன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி நாச்சம்மாள் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணு எதுக்குங்க குடுத்தீங்க?" என்றார் லிங்கப்பன் கடைசியில்.

"பின்கழுத்துச் சுருள்முடிக்கு. அது அவர் முடிதான்."

"அப்ப தோள்பட்டை? அது யாரோடதுங்? மூணாச்சும் போட்டிருக்கோணும்."

மன்னிப்புக் கேட்கப் போனவள், மார்க் என்றதும் டீச்சராகிவிட்டேன். கேட்டது ஆளின் படம்; நீராவி எஞ்சினைப் பற்றிக் கேட்க, தண்டவாளத்தைப் பற்றி எழுதினால் எப்படி முழு மார்க் கொடுப்பது என்று விளக்கினேன். அவர் விடவில்லை. மறுமதிப்பீடு வேண்டும் என்றார். குரல் ஏறியது, இருவருக்கும்தான்.

நாச்சம்மாள் தட்டை வைத்தார். "ஏனுங்க, மொகம் வராதுன்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுது. அந்தம்மா கூட எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்?"

லிங்கப்பன் படத்தை மேசையில் வைத்தார்.

அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கதைகளை எல்லாம் இரண்டு பேர் சேர்ந்து வரைந்திருக்கிறார்கள். குதிரை, கோட்டை, கை, கால் இவருடையவை. முகத்துக்கு மட்டும் வெள்ளையாக இடம் விட்டு, தாளைக் கூட்டாளி மாதப்பனிடம் கொடுப்பாராம். மாதப்பன் முகம் போட்டுத் திருப்பி அனுப்புவார். மாதப்பன் இறந்த பிறகு இவர் வரைவதையே குறைத்துக்கொண்டார். யாருக்கும் வரைந்து கொடுக்காததன் காரணம் கர்வம் இல்லை.

"ஆளுங்க வந்து மொகம் கேக்கறாங்க டீச்சரம்மா. நான் எங்க போவேன்?"

காபித் தம்ளரைக் கீழே வைத்தேன். ஆய்வகத்தில் ஒருத்தி குழாயைத் திறக்க, இன்னொருத்தி அளவைப் படிப்பாள். படிக்கிறவள் வராத நாளில் திறக்கிறவளுக்குப் பூஜ்யம் போடுவதா? அன்று அவளே படித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவோம். அதைச் சொன்னேன். மறுமதிப்பீடு கிடையாது, வேண்டுமானால் மறுதேர்வு எழுதலாம் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பெயிலாப் போனா?"

"மறுபடி எழுதுங்க. எனக்கென்ன, ரிட்டயர் ஆயாச்சு."

செப்டம்பர் 24

கண்காட்சி. படத்தைச் சிவப்பு மையோடு அப்படியே சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கீழே: 'வரைந்தவர் லிங்கப்பன். திருத்தியவர் உமாதேவி.' தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கிருஷ்ணராஜ்தான் வருவோர் போவோரிடம் எல்லாம், "நம்ம வீட்டம்மாதான், ஸ்ட்ரிக்ட்டு" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மனிஷா தன் பூனைக்கு எவ்வளவு என்று கேட்டாள். பேனா கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 12

அட்டைகளுக்கு நடுவே இன்னொரு படம் வந்தது.

குமாரவேந்தன் நேராகப் பார்க்கிறார். ஸ்கூட்டரில். ஒரு கண் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. மூக்கு யாருடையதோ. ரப்பர் போட்டுப் போட்டுத் தாடைப் பக்கம் தாள் மெலிந்துவிட்டது. ஆனால் அந்த இடது புருவம் தூக்கியிருக்கிறது, அதே திமிரோடு. தூரத்தில் ஒரு குதிரை தனியாக நின்று, கோபித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்கிறது.

மூலையில் சின்னக் கட்டம் போட்டு, 'மார்க்' என்று எழுதிக் காலியாக விட்டிருக்கிறார்.

அக்டோபர் 15

கட்டம் இன்னும் காலிதான். சிவப்புப் பேனாவை வினிதாவிடம் கொடுத்துவிட்டேன்.

கிருஷ்ணராஜ் படத்தை இன்றும் பார்த்தார். இதெல்லாம் ஒரு மூக்கா, எங்க ஆளு மூக்கைப் பாத்திருக்கியா என்றார். வெகுநேரம் பார்த்தார்.

இதைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறவருக்கு: அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், பென்சில் உள்ளேயே இருக்கிறது. போட்டோவைப் பார்க்காமல் உங்கள் ஆளின் முகத்தை வரைந்து வையுங்கள்.