இரண்டாவது கோட்டில் என் பெயர்

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருங்கள். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர ஒரு வாரமாக எனக்கு வயிறு எரிகிறது, காரணம் நீதான். நெஞ்சுவலி வந்து பிழைத்தாளே அம்மா, மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா ஒரு படிவம் கொடுத்தனுப்பினார். நாளைக்கு நினைவு தப்பி, தானே பேச முடியாமல் போனால், மூச்சுக்கு மெஷின் வைப்பதா வேண்டாமா என்று அவளுக்காக முடிவு சொல்லப்போகிற ஆள் யார் என்று அதில் எழுத வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையில் விரித்து உட்கார்ந்தாள். நான்தான் பேனாவை எடுத்து நீட்டினேன், இனிஷியலைச் சரியாகப் போடு என்றுகூடச் சொன்னேன். அவள் உன் பெயரை எழுதினாள்.

முப்பத்தெட்டு வருஷமாக அவளோடு குப்பை கொட்டுகிறவன் நான். எந்த மாத்திரை தொண்டையில் சிக்கும், எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு வாங்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற உனக்கு முதல் கோடு! பொறாமைதான், மறைப்பானேன். எல்லாத்தையும் அவகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன் என்று வேறு சொல்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, உங்க மோட்டார் ரிப்பேர் கடையில எதையாவது இது தேறாதுன்னு திருப்பிக் கொடுத்திருக்கீங்களா என்றாள். செத்த மோட்டாருக்கும் மூணு தடவை காயில் கம்பி கட்டி முனகிக்கிட்டே சுத்த வைப்பீங்க, என்னையும் அப்படித்தான் சுத்த விடுவீங்க என்றாள். தலைக்கு மேலே, நான் கம்பி கட்டிய நம் கூடத்து ஃபேன் அப்போது முனகிக்கொண்டுதான் இருந்தது.

முதல் ஆள் கிடைக்காவிட்டால் யார் என்று அந்தத் தாளில் இரண்டாவது கோடு ஒன்று இருக்கிறது, அதைக் காலியாக விட்டிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து பென்சிலால் என் பெயரை எழுதிவைத்தேன். மறுநாள் பார்த்தால் அதன்மேலேயே பேனாவால் எழுதியிருக்கிறாள், இனிஷியலோடு. அதனால் உனக்கு ஒரு புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன், என்றைக்காவது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தால் அவசரப்படாதே, மணி நன்றாக அடித்து ஓயட்டும், முறை என்னிடம் வரட்டும். இப்படி எழுதிவிட்டு அந்த ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன். வேண்டாம் கண்ணு. முதல் மணியிலேயே எடு. அவள் உன்னிடம் சொன்னதை அப்படியே சொல்லிவிடு. அவள் கையை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருப்பேன், அதில் உனக்குப் பங்கு கிடையாது.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஃபோனைச் சார்ஜில் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
இரண்டாவது ஆள்