தியானத்துக்குப் பத்து மார்க்

12.6.2002, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள். அதற்குள் தலைவலி.

கரஸ்பாண்டன்ட் வாசுதேவன் ஆசிரியர்கள் எல்லாரையும் ஹாலில் தரையில் உட்காரவைத்து ஒரு ஆளை அறிமுகம் செய்தார். ஹரிகிருஷ்ணன். பெயருக்குப் பின்னால் 'ஜி' போட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம். வெள்ளை ஜிப்பா, மல்லிகை சென்ட். தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளுக்குத் தியானம். அந்த அரை மணிக்காக விளையாட்டு பீரியடைத் தூக்கிவிட்டார்கள்.

எங்களுக்கும் பயிற்சி நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு "கோபம் என்னை விட்டுப் போகிறது" என்று சொல்லச் சொன்னார். எனக்கு ஏறிக்கொண்டே போனது. டைம்டேபிள் இன்னும் கைக்கு வரவில்லை, எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் புத்தகம் வரவில்லை, கோபம் மட்டும் போக வேண்டுமாம்.

ஆயா செல்லம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "இன்னா டீச்சர், அல்லாரும் குந்திக்கினே தூங்கறீங்க? நான் தூங்கினா மட்டும் மெமோ குடுக்கறாரு." ஹாலே சிரித்தது. ஜி சிரிக்கவில்லை.

17.6.2002

நியாயமாக ஒன்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ஷ்ரவண் வந்து, "நல்லா இருந்துச்சு மிஸ். யாரும் எந்தக் கேள்வியும் கேக்கல" என்றான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அப்படி ஒரு அரை மணி கிடைத்தால் கிடைக்கட்டுமே. வீட்டில் இவரிடம் சொன்னேன். "நீயும் உட்கார்ந்து பாரேன்" என்றார். குக்கரை யார் இறக்குவது?

1.7.2002, திங்கள்

கெடுத்தாச்சு.

அணுமின் நிலையத்துக்காரர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்பிலிருந்து வரும் பெற்றோர் சிலர், "தியானத்தில் எங்கள் பிள்ளை எப்படி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்களாம். கரஸ்பாண்டன்ட் உடனே மார்க் போடச் சொல்லிவிட்டார். பத்துக்கு. அசைந்தால் ஒன்று கழி, கண்ணைத் திறந்தால் இரண்டு கழி, சிரித்தால் மூன்று. ரேங்க் கார்டில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், அதற்குக் கீழே தியானம்!

பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, நாங்கள் பென்சிலோடு வரிசைக்கு நடுவில் திருடனைத் தேடுவதுபோல் நடக்கிறோம். ஒரு பையன் கன்னத்தில் கொசு. கடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் குமட்டியது. சாயங்காலம் ஒரு அம்மா, "இதுக்குத் தனியா டியூஷன் எடுக்கறாங்களா மிஸ்?" என்று கேட்கிறாள். சீ!

18.7.2002, வியாழன்

இன்று ஒரு கூத்து. என் வகுப்புச் சாருலதா — எட்டாம் வகுப்பு பி பிரிவு, ஒல்லியாக, சத்தமே வராத பெண். அப்பா ஸ்ரீனிவாசராகவன் அணுமின் நிலையத்தில் இன்ஜினியர்.

ஜி புதிதாக ஒரு மூச்சுப் பயிற்சி கொண்டுவந்திருக்கிறார். வேகவேகமாக இழுத்து விட வேண்டும். மற்ற பிள்ளைகள் இருமி, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் அப்படியே நின்றுபோனாள். கண் பாதி திறந்தபடி, இமை படபடக்க. "சாருலதா!" என்று ஜி கூப்பிட்டார். பதில் இல்லை. காதுக்குப் பக்கத்தில் கைதட்டினார். அசையவில்லை. "பாருங்கள், குழந்தை உள்ளே போய்விட்டாள். நான் பன்னிரண்டு வருஷம் முயன்றது இவளுக்குத் தானாக வருகிறது" என்றார். கொஞ்ச நேரத்தில் அவள் நாக்கால் உதட்டைத் துழாவிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி மூச்சு இழுக்க ஆரம்பித்தாள். தமிழ் மிஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடிப்பு. சுத்த நடிப்பு. பத்துக்குப் பத்து வாங்க இந்த வயதிலேயே எப்படித் தேறியிருக்கிறது பார்.

6.8.2002

கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சாருலதாவைக் கூப்பிட்டேன். பாதியில் நின்றாள். சாக்பீஸ் பலகை மேல், கண் எங்கேயோ. "சாருலதா, எழுது." அசைவில்லை. "மிஸ், சாமி வந்துடுச்சு மிஸ்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிறகு விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "உன் நாடகத்தையெல்லாம் ஹாலில் வைத்துக்கொள், கணக்கு வகுப்பில் வேண்டாம்" என்று வெளியே நிறுத்தினேன். "நான் என்ன பண்ணினேன் மிஸ்?" என்று அழுதாள். எவ்வளவு நன்றாக முழிக்கிறாள்!

19.8.2002, திங்கள்

ஆசிரியர் தினத்தன்று பெரிய ஏற்பாடு. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பெரிய பாறையின் உச்சியில் சாருலதாவைத் தியானத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்கப்போகிறார்கள். அடுத்த வருஷ அட்மிஷன் புத்தகத்துக்கு அட்டைப்படம். பயிற்சிக்காகத் தினமும் சாயங்காலம் அவளை நிறுத்திவைத்து மூச்சு இழுக்க வைக்கிறார் ஜி.

அவள் அம்மா சௌந்தரவல்லி கோயில் கற்கண்டு கொண்டுவந்து ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் கொடுத்தார். "எங்க வம்சத்துல யாரோ பண்ணின புண்ணியம், மிஸ். ஆத்துலயும் திடீர் திடீர்னு அப்படியே லயிச்சுப் போயிடறா." இரண்டு டீச்சர்கள் அந்தக் குழந்தை கையால் குங்குமம் வாங்கிக்கொண்டார்கள். எம்.எஸ்ஸி., பி.எட். படித்த ஜென்மங்கள். கண்றாவி. நான் கற்கண்டை எடுக்கவில்லை.

23.8.2002, வெள்ளி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

சாயங்காலம் பஸ்ஸுக்காக ஈ.சி.ஆரில் நின்றிருந்தேன். ஸ்கூல் வேன் எப்போதோ போய்விட்டது. ஜியின் பயிற்சி முடிந்து சாருலதா மட்டும் தனியாக, எதிர்ப்பக்கத்திலிருந்து பையோடு ரோட்டைக் கடந்து வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அங்கே வேறு ஒரு ஈ காக்காய் கிடையாது. நடு ரோட்டில் நின்றாள். அப்படியே. கை பை நாடாவைப் பிடித்தபடி. கல்பாக்கம் பக்கமிருந்து லாரி. ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், அவள் திரும்பவே இல்லை. நான் கத்திக்கொண்டு ஓடி அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

லாரிக்காரன் இறங்கி வந்தான். "வூட்ல சொல்ட்டு வந்தியா பாப்பா? சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா? காது கேக்கல? இன்னாம்மா நீ, பொண்ண இட்டுக்கினு போறவ பார்த்து இட்டுக்கினு போவ மாட்டே?"

அவள் என்னைப் பார்த்து, "மிஸ், நீங்க எப்ப வந்தீங்க? ஏன் கீழ விழுந்தோம்?" என்றாள்.

தெரியவில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

யாருமே இல்லாத ரோட்டில் யாருக்காக நடிப்பாள்? அன்றைக்கு அழுத குழந்தையை 'நன்றாக முழிக்கிறாள்' என்று இதே பேனாவால் எழுதியிருக்கிறேன். தூ. இத்தனை நாள் ஊரில் இருக்கிற எல்லார் மேலும் அருவருப்புப் பட்டேன். இன்று என் மேல்.

24.8.2002

செங்கல்பட்டு போனேன். எங்கள் பையனுக்குச் சின்ன வயதில் வைத்தியம் பார்த்த குழந்தை டாக்டர் அம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வேகமா மூச்சு விட்டா வருதா?"

வலிப்பிலேயே இப்படி ஒரு வகை உண்டாம். கீழே விழாது, நுரை தள்ளாது. கொஞ்ச நேரம் நினைவு அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேகமாக மூச்சு விட வைத்தால் அது வரும். டாக்டர்களே அப்படி வரவழைத்துத்தான் பார்ப்பார்களாம். "அதைத்தான் அந்த மனுஷன் தினமும் பண்ணிக்கிட்டிருக்காரு. நான் பார்க்காம உறுதியாச் சொல்லக் கூடாது. கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மாத்திரையில நல்லா அடங்கும். ரோடு, கிணறு, உயரமான இடம் — அதுவரைக்கும் ஜாக்கிரதை."

உயரமான இடம். பாறை.

26.8.2002, திங்கள்

கரஸ்பாண்டன்ட் ரூமில் நின்றுகொண்டே சொன்னேன். ஜி சோபாவில் கண் மூடி உட்கார்ந்திருந்தார். திறக்காமலே பேசினார்: "வசுமதி அம்மா, உயர்ந்த நிலையை நோய் என்று பார்ப்பது அறிவின் அகங்காரம். உங்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை." நான், "லாரி வந்தபோது அவள் எந்த நிலையில் இருந்தாள், சொல்லுங்கள்" என்றேன். மூச்சை மட்டும் ஆழமாக இழுத்து விட்டார். அவரும் உள்ளே போய்விட்டார் போலிருக்கிறது.

வாசுதேவன், "அட்டை பிரஸ்ஸுக்குப் போகுது மேடம். வியாதி கியாதின்னு வெளிய பேசினீங்கன்னா நீங்க வேற ஸ்கூல் பார்த்துக்கலாம்" என்றார். குழந்தை பாறையிலிருந்து விழுந்தாலும் இவருக்கு அட்டை வந்தால் போதும். மனுஷ ஜென்மமா?

மத்தியானம் சௌந்தரவல்லிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமையே குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டபோது ஜாடையாகச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. இன்று டாக்டர் சொன்னதைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "என் கொழந்தைக்கு வலிப்பா? நாக்குல நரம்பிருக்கா உங்களுக்கு? கண்ணு பட்டுடும்னு பயந்தேன், பட்டுடுத்து." வைத்துவிட்டார்.

29.8.2002

பாறையில் ஒத்திகை இல்லையாம், நேராக அன்றைக்கே ஏற்றுவார்களாம். வீட்டில் இவர் சொல்கிறார்: "அந்தப் பொண்ணோட அப்பா இன்ஜினியர்தானே? உபதேசம் பண்ணாதே. செஞ்சு காட்டு."

1.9.2002, ஞாயிறு

காலையில் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். நாற்காலியில் உட்காரவைத்துச் செய்தால் பயமில்லை என்றார். கடற்கரையில் பிள்ளைகளுக்கு விற்கிற காகிதக் காற்றாடி ஒன்று வாங்கினேன், ஊதினால் சுற்றுமே, அது. ரோஸ் கலர். இவர் ஸ்கூட்டரில் அணுபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

சௌந்தரவல்லி கதவிலேயே நின்றார். ஸ்ரீனிவாசராகவன் பேப்பரை மடித்துவிட்டு வந்தார். "சார், என்னை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷம். ஒன்றும் வராவிட்டால் உங்கள் மனைவி காலில் விழுந்துவிட்டுப் போகிறேன்" என்றேன். அவர், "டெஸ்ட்தானே? பார்த்துடலாம்" என்று சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சாருலதா சிரித்துக்கொண்டே ஊதினாள். காற்றாடி சுற்றியது. "நிறுத்தாம ஊதும்மா" என்றேன். ஊதினாள், ஊதினாள். வராமலே போய்விடக் கூடாதா என்றும் நினைத்தேன், வர வேண்டுமே என்றும் நினைத்தேன்.

காற்றாடி மெதுவாக நின்றது.

"சாரு" என்றார் அப்பா. கண் பாதி திறந்திருந்தது. இமை படபடத்தது. "சாரு! சாரும்மா! அப்பா கூப்பிடறேன் பாரு." கையைப் பிடித்துக் குலுக்கினார். கை அவர் குலுக்கியபடி ஆடியதே தவிர அவள் அங்கே இல்லை. "சமாதின்னா... சமாதின்னா பெத்தவா கூப்பிட்டாக் கேக்காதா?" என்று சௌந்தரவல்லியைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

காற்றாடி மறுபடி சுற்றியது. சாரு எங்கள் முகங்களைப் பார்த்து ஊதுவதை நிறுத்தினாள். "ஏன்ப்பா அழறே? நான் சரியாத்தானே ஊதினேன்?"

நான் ஜெயித்தேனாம். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வந்தேன்.

5.9.2002, ஆசிரியர் தினம்

சாருலதா செங்கல்பட்டில் டாக்டரிடம். ஸ்ரீனிவாசராகவன் நேற்றே வந்து, கரஸ்பாண்டன்ட் ரூம் கதவு திறந்திருக்க, ஹால் வரை கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். "என் பொண்ணுக்கு வந்த வியாதிய நீங்க அட்டைல போட்டு விக்கறேளா?" அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி வாசுதேவன் வாயைத் திறக்கவில்லை.

பாறை உச்சிக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்று நான் கத்தியதில், கீழே இடுப்பு உயரப் பாறையில் ஷ்ரவணை உட்காரவைத்தார்கள். "மிஸ், சுடுது!" என்று எழுந்து ஓடிவிட்டான். என் செல்லம்.

23.9.2002

சென்னையில் தலைக்கு வயர் வைத்து எடுத்த டெஸ்டிலும் அதுவேதான். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. முதல் வாரம் வகுப்பில் தூங்கி வழிந்தாள், இப்போது பரவாயில்லை. மூச்சுப் பயிற்சி அவளுக்கு மட்டும் கிடையாது, சும்மா உட்கார்ந்தால் போதும். மற்றபடி எதுவும் மாறவில்லை. அதே ஹால், அதே பென்சில், அதே சென்ட் வாசனை. ஜி என் காதுபடச் சொன்னார்: "மருந்து கொடுத்துக் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார்கள்." ஒரு மன்னிப்பு? ஒரு வருத்தம்? ம்ஹூம். இந்த ஆளைப் பார்த்தாலே சோறு இறங்கவில்லை.

சாருவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு உன்னை வெளியே நிறுத்தினேனே சாரு, தப்பு என்னோடதுதான்." அவள் யோசித்துவிட்டு, "பரவால்ல மிஸ். வெளியதான் காத்து நல்லா வந்துது" என்றாள்.

14.11.2002, வியாழன்

ரேங்க் கார்டு கொடுக்கும் நாள். பெற்றோர் வரிசை வாசல் வரை. எல்லாம் தியான மார்க்குக்குத்தான் சண்டை. "எட்டுன்னா எங்க ரெண்டு போச்சு?" "பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்பது, என் பையன் அவனவிட அமைதி மிஸ்!" ஒருவர் திருத்திய பேப்பரைக் காட்டச் சொன்னார். எந்தப் பேப்பரை ஐயா?

கடைசியில் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். ஒவ்வொரு மார்க்காக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்து கடைசி வரியில் நின்றார். போன தடவை அங்கே பத்து இருந்தது.

"மூணா?"

"ஆமாம் சார். நான்தான் போட்டேன். மூக்கைச் சொறிந்தாள், அதற்கு ஒன்று. கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள், அதற்கு மூன்று. பக்கத்துப் பெண்ணைக் கிள்ளினாள், அதற்கு ஒன்று. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து 'என்ன மிஸ்'னு கேட்டாள். அதற்கு இரண்டு."

"கூப்பிட்ட ஒடனேயா?"

"உடனே."

பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார். "அடுத்த தடவ இன்னும் கொறச்சுப் போட முடியுமா பாருங்கோ மிஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.